எல்க் வேட்டைக்கு வெளி மாநிலம் போகுமுன் வீட்டிலேயே செய்துவிடும் தவறுகள்

ஆகஸ்ட் மாதம் வந்தால் போதும், டெக்சஸில் இருக்கும் நண்பர்களில் யாராவது ஒருவர் போன் போட்டு, "அடுத்த மாதம் வில்லோடு கொலராடோ போய் ஒரு எல்க் அடித்துவிட்டு வரலாமா, லீவுகூடச் சொல்லிவிட்டேன்" என்பார். எல்க் என்பது அமெரிக்க மேற்கு மலைகளில் வாழும் பெரிய மான் இனம். லைசென்ஸ் எங்கே என்று கேட்டால் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற பதில் வரும். பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, அவருக்குத்தான் இன்னும் தெரியாது.

அமெரிக்காவில் காட்டு விலங்குகளை நிர்வகிப்பது அந்தந்த மாநிலம். வேட்டை விஷயத்தில் ஒவ்வொரு மாநிலத்தையும் தனி நாடு என்றே எண்ணிக்கொள்ளுங்கள், நாம் அங்கே விருந்தாளி. வயோமிங்கில் வெளி மாநிலத்தார் எல்க் டேக்குக்கு (ஒரு விலங்கை அடிக்கத் தரும் அனுமதிச் சீட்டு) விண்ணப்பிக்கும் கெடு பிப்ரவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடும். நியூ மெக்சிகோவில் மார்ச் நடுவில், மொன்டானாவில் ஏப்ரல் 1, கொலராடோவில் ஏப்ரல் மாதத்தின் முதல் செவ்வாய். ஆகஸ்டில் போன் போடுகிறவருக்கு மிஞ்சுவது என்ன? முன்பெல்லாம் கொலராடோ கைகொடுத்தது, வில் வேட்டைக்கு யார் வேண்டுமானாலும் நேராகக் கடைக்குப் போய் டேக் வாங்கலாம். 2025-லிருந்து ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே, அதாவது எல்க் இருக்கிற பக்கமெல்லாம், வெளி மாநில வில் வேட்டைக்காரர்களுக்கு டிரா, அதாவது முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் பெறும் முறை, வந்துவிட்டது. இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் சீசன்களுக்கு மட்டும் அந்த ஆண்டும் நேரடி விற்பனை இருந்தது. ஐடஹோவும் 2026 சீசனிலிருந்து வெளி மாநிலத்தாரை டிராவுக்கு மாற்றிவிட்டது. ஆகவே நான்கு வருடத்துக்கு முந்தைய யூடியூப் வீடியோவைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அந்தந்த மாநில வனவிலங்குத் துறை வருடா வருடம் வெளியிடும் விதிப் புத்தகத்தை இறக்கி, அலுப்பாக இருந்தாலும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

அடுத்தது பாயிண்ட், டிராவில் வாய்ப்பைக் கூட்ட வருடா வருடம் சேர்க்கும் புள்ளி. எல்லா மாநிலத்திலும் பாயிண்ட் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டு பலர் வருடக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். கொலராடோ, வயோமிங் இரண்டிலும் பெரும்பங்கு டேக் அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவருக்கே முதலில் போகும். அரிசோனா, நெவாடாவில் பாயிண்ட் என்பது குலுக்கலில் கூடுதல் சீட்டு மாதிரி, அதிகம் இருந்தால் வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதி கிடையாது. நியூ மெக்சிகோவில் பாயிண்டே இல்லை, ஒவ்வொரு வருடமும் எல்லாரும் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அங்கே டிரா டேக்குகளில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வேட்டைப் பயணம் நடத்தித் தருபவர்) ஒப்பந்தம் போட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு, மீதி 6 சதவீதம்தான் சொந்தமாகப் போகும் வெளி மாநிலத்தாருக்கு. விண்ணப்பிக்கும்போதே முழுக் கட்டணத்தையும் பிடித்துவிட்டு, கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்கள், கிரெடிட் கார்டில் அந்த அளவுக்கு இடம் இருக்கட்டும்.

இங்கே எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. பெரிய கொம்புக்குப் பேர்போன ஒரு யூனிட்டுக்காக (மாநிலம் எண் போட்டுப் பிரித்திருக்கும் வேட்டைப் பகுதி) பத்துப் பதினைந்து வருடம் பாயிண்ட் சேர்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது, முதல்முறை போகிறவர் செய்யக்கூடிய மோசமான காரியம். நீங்கள் சேர்க்கும் வேகத்திலேயே மற்றவர்களும் சேர்க்கிறார்கள், தேவையான பாயிண்ட் கூடிக்கொண்டே போகிறது. வயோமிங்கில் பாயிண்ட் சேரட்டும், அது ஒரு பக்கம். முதல் வருடமே கொலராடோவில் ஒரு பெண் எல்க் டேக் எடுத்து மலை ஏறுங்கள். பல யூனிட்டுகளில் கிடைப்பது சுலபம், கறியும் நன்றாக இருக்கும், மலை எப்படிப்பட்டது என்பதும் புரியும்.

பணக் கணக்கில் ஒரு சபலம் வரும். வயோமிங்கில் உள்ளூர்க்காரருக்கு எல்க் லைசென்ஸ் 57 டாலர், நமக்கு 692, சற்று நல்ல வாய்ப்புள்ள ஸ்பெஷல் டிராவில் போட்டால் 1,950. அங்கே ஒரு சொந்தக்காரர் இருக்கிறாரே, அவர் முகவரியைப் போட்டுவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். வயோமிங்கில் உள்ளூர்க்காரர் என்றால் ஒரு முழு வருடம் அங்கேயே குடியிருந்திருக்க வேண்டும். பொய் சொல்லி மாட்டினால், மாநிலங்களுக்கிடையே உள்ள வேட்டைக் குற்ற ஒப்பந்தத்தின்படி சொந்த மாநிலத்தில் மீன் பிடிக்கும் லைசென்ஸ்கூடப் பறிபோகலாம். முறைகேடாக அடித்த விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டமும் சேரும், அது மத்திய அரசின் வழக்கு.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி பொதுவாகக் குற்றம். அதற்கு உள்ள முக்கிய விதிவிலக்கே செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ்தான். அது காலாவதியாகும் நாளில் விதிவிலக்கும் போய்விடும், துப்பாக்கி மட்டும் அலமாரியில் இருக்கும். புதுப்பிக்க மறந்துவிட்டேன் என்பதற்கு அங்கே மதிப்பில்லை, விசாவே ஆடிப்போகும் விஷயம், குழப்பம் இருந்தால் வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. அப்புறம், வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கட்டாயம், அதாவது கிட்டத்தட்ட எல்லாருக்கும். சொந்த மாநிலத்தில் எடுத்ததே போதும், ஆனால் விண்ணப்பிக்கும் இரவில் உட்கார்ந்து அதைத் தேடாதீர்கள்.

சரி, டேக் கிடைத்துவிட்டது. எங்கே போய் நிற்பது? டெக்சஸில் மான் அடித்துப் பழகியவர்களுக்குப் பொது நிலம் என்பதே புதிது, அங்கே ஏறக்குறைய எல்லாம் தனியார் நிலம், லீஸ் எடுத்து வேட்டையாடுவோம். மேற்கே தேசிய வனமும் பிஎல்எம் (மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை) நிலமும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும், ஆனால் வரைபடத்தில் தெரியும் பொது நிலம் எல்லாம் உங்களுக்குத் திறந்தது என்று அர்த்தமில்லை. கொலராடோவின் மாநில டிரஸ்ட் நிலத்தில் குறிப்பிட்ட திட்டத்தில் சேர்த்த பகுதிகளில் மட்டுமே வேட்டையாடலாம். வயோமிங்கில் சட்டப்படி வில்டர்னஸ் என்று ஒதுக்கிய காட்டில் வெளி மாநிலத்தார் தனியாக நடக்கலாம், மீன் பிடிக்கலாம், எல்க் போன்ற பெரிய விலங்கை மட்டும் அடிக்கக் கூடாது, லைசென்ஸ் பெற்ற வழிகாட்டியோ அதற்கான அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரோ கூடவே வர வேண்டும். ரொம்ப அநியாயம் என்பேன், ஆனால் சட்டம் அது. யூனிட்டில் பாதி வில்டர்னஸாக இருப்பதை டேக் வாங்கிய பிறகு கண்டுபிடித்தால் அழத்தான் வேண்டும்.

சதுரங்கப் பலகை நிலம் என்று ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட ஒன்றுவிட்டு ஒரு கட்டமாக நிலம் கொடுத்ததன் மிச்சம். பொதுக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த பொதுக் கட்டத்தின் மூலைக்குக் கால் எடுத்து வைத்தால் அத்துமீறலா? மிசூரியிலிருந்து வயோமிங் போன நான்கு வேட்டைக்காரர்கள் இதற்காகவே வழக்கில் சிக்கினார்கள். தனியார் நிலத்தில் கால் படாமல் மூலை தாண்டலாம் என்று 10-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ, யூட்டா பக்கம் செல்லும். மொன்டானாவும் ஐடஹோவும் வேறு வட்ட நீதிமன்றத்தின் கீழ் வருபவை, அதே தைரியத்தில் அங்கே மூலை தாண்டாதீர்கள்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக: ஹூஸ்டன் கடல்மட்டம், எல்க் இருப்பது 2,500 முதல் 3,300 மீட்டர் உயரத்தில். சீசன் தொடங்க இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள், முதல் நாள் தலைவலியோடு மலை ஏறாதீர்கள்.

கடைசியில் யாருமே யோசிக்காத விஷயம் கறி. வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ, எலும்பு நீக்கினாலும் 80 முதல் 110 கிலோ தேறும். அதை முதுகில் சுமந்து வண்டிக்குக் கொண்டுவர ஒரு ஆளுக்கு மூன்று நான்கு நடை. வண்டி நான்கு கிலோமீட்டர் தள்ளி நின்றால், சுமையோடும் சுமையில்லாமலும் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று துப்பாக்கியைத் தூக்குமுன் கணக்குப் போடுங்கள். செப்டம்பர் வெயிலில் அந்தத் தடித்த தோல் சூட்டை உள்ளேயே வைத்துக் கறியைக் கெடுத்துவிடும், உடனே உரித்து, துணிப்பைகளில் போட்டு, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளத்தைக் கறியோடு ஒட்டியபடியே விட வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு, அவசரத்தில் அதை அறுத்து எறிந்துவிட்டு அபராதம் கட்டாதீர்கள்.

பிறகு வீடு திரும்பும் வழி. மான் இனங்களைக் கொல்லும் சிடபிள்யூடி என்ற நோய் 1960-களின் கடைசியில் கொலராடோவில்தான் முதலில் கண்ணில் பட்டது. அதனால் மூளை, முதுகெலும்போடு உடலை எடுத்துவரப் பல மாநிலங்கள் தடை வைத்திருக்கின்றன. அடித்த மாநிலத்தின் விதி மட்டும் போதாது, நடுவில் கடக்கும் மாநிலங்களின் விதியையும் சொந்த மாநிலத்தின் விதியையும் பார்க்க வேண்டும். எலும்பு நீக்கிய கறியும், மூளை முழுக்கச் சுத்தம் செய்த கொம்புத் தட்டும் (கொம்போடு ஒட்டிய மண்டையோட்டுத் துண்டு) பொதுவாகப் பிரச்சினை இல்லை. தலை மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும், அந்த வார இறுதியே பிரியாணி போட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.