வேகத்தைக் கூட்டும் முன் வோல்டேஜைக் கவனியுங்கள்

பிராசஸரை ஓவர்கிளாக் செய்ததும் (அதாவது வழக்கத்தைவிட வேகமாக ஓடவிட்டதும்) கேம் நடுவில் சூடு 90 டிகிரியைத் தாண்டுகிறதா? உடனே பெரிய கூலர் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி வோல்டேஜ்தான். வேகம் 10 சதவீதம் கூடினால் மின்செலவும் ஏறக்குறைய அதே அளவுதான் கூடும். ஆனால் வோல்டேஜ், வர்க்கக் கணக்கில் (தன்னைத்தானே பெருக்கிய அளவில்) விளையாடும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால் அது மட்டுமே சுமார் 21 சதவீதம் கூடுதல் சூடு.

மதர்போர்டை 'ஆட்டோ'வில் விட்டால் அது தேவைக்கு மேலேயே வோல்டேஜ் கொடுக்கும் பழக்கமுடையது. அதனால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிபிளையர் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒரு படி என்பது வழக்கமாக 100 மெகாஹெர்ட்ஸ். ஏற்றியபின் வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கணினி உறைந்தாலோ நீலத்திரை வந்தாலோ முந்தைய அளவுக்குத் திரும்பிவிடலாம்.

ஏஎம்டியின் புதிய ரைசன் பிராசஸர் (5000 வரிசை முதல்) வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது: வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் மைனஸ் 10-இல் தொடங்கினாலே போதும். இன்டெலில் மல்டிபிளையரை ஏற்ற, பெயரில் 'கே' உள்ள பிராசஸரும் இசட் வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டும் வேண்டும்.

ஒரு விஷயம். சோதனை மென்பொருளில் வரும் சூட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கேமில் அந்த அளவு ஏறுவது அபூர்வம். விளையாடும்போது சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட்டு, அரைமணி நேரம் கழித்து உச்ச அளவைப் பாருங்கள். 80-ஐ ஒட்டி இருந்தால் சரி. 95, 100 என்று போனால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அப்புறம் ஓவர்கிளாக் செய்து என்ன பயன்?