சில்லு ஏன் இவ்வளவு கெதியாகப் பழுதாகிறது? ஆர்.சி. பக்கி ஓட்டுபவர்கள் விடும் பிழைகள்

கச்சான் காற்று எழும்பி, சிறுபோக அறுவடை முடிந்து, வயல் காய்ந்து கிடக்கும் ஆவணி, புரட்டாதிதான் வன்னியில் ஆர்.சி. பக்கி, அதாவது றிமோட்டில் ஓடும் சின்னக் கார், ஓட்டுகிற காலம். வரம்பில் ஏறித் துள்ளலாம், குளத்து அலைகரையில் புழுதி கிளப்பலாம், கிறவல் ஒழுங்கையில் சறுக்கித் திருப்பலாம். அந்த ஒரு பருவத்துக்குள்ளேயே எங்கள் பக்கத்துப் பெடியள் இரண்டு மூன்று சோடிச் சில்லுகளை முடித்துவிடுகிறார்கள். புதுச் சோடி கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்துசேர வாரக்கணக்காகும். அதுவரை கார் அலுமாரிக்கு மேல்தான். என்னிடம் கொண்டுவரும் சில்லுகளைக் கழற்றிப் பார்த்தால், கல்லில் மோதி உடைந்தவை குறைவு. பூட்டும்போதும் ஒட்டும்போதும் விட்ட பிழையால் போனவைதான் கூட.

முதலில் நட்டைப் பாருங்கள். சில்லின் நடுவில் அறுகோணப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அச்சில் இருக்கும் ஹெக்ஸ் என்ற ஆறு மூலைக் கட்டை அதற்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுக் கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் ஹெக்ஸ், எட்டில் ஒரு பங்குக் கார்களில் 17 மில்லிமீற்றர். நட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், அக்சிலேற்றர் கொடுக்கும்போது ஒரு பக்கமும் பிரேக் பிடிக்கும்போது மறு பக்கமும் ஹெக்ஸ் பள்ளத்தின் மூலைகளில் அடித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்ரிக் மூலை எத்தனை அடி தாங்கும்? ஒரு பின்னேரம் ஓடி முடிவதற்குள் அறுகோணம் வட்டமாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அச்சு சுற்றும், சில்லு நிற்கும். காரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். சில்லு அச்சின் மேல் தனியாக ‘டக்’ என்று அசைந்தால் நட் தளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் பள்ளம் தேயத் தொடங்கிவிட்டது.

இதற்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்குவதும் பிழைதான். அப்படி இறுக்கிய சில்லின் நடுப்பகுதியைச் சுற்றி மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரியும். அது அழுக்கு இல்லை, பிளாஸ்ரிக் உள்ளே கிழியத் தொடங்கிய அடையாளம். 4 மில்லிமீற்றர் நட் என்றால் 7 மில்லிமீற்றர் சாவி போதும். கை நிற்கும் இடம்வரை இறுக்கி, சில்லு ஆடாமலும் பிசகாமலும் சுழல்கிறதா என்று பார்த்தால் சரி. நட்டுக்குள் இருக்கும் நைலோன் வளையம் தேய்ந்து, வெறும் விரலாலேயே சுற்ற முடிகிறது என்றால் அந்த நட்டை எறிந்துவிடுங்கள். சில ரூபாய் நட்டுக்காக ஒரு சில்லை இழப்பது எனக்குச் சகிக்காத விசயம். ஹெக்ஸைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ஊசியும் கழற்றும்போது மண்ணில் விழுந்து தொலையும். ஒரு பொட்டுக் கிறீஸ் தடவினால் அது இடத்திலேயே ஒட்டி நிற்கும்.

அடுத்தது ஒட்டு. ஆகக் கூடுதலான சில்லுகள் போவது இதில்தான். புது ரயரை அப்படியே றிம்மில் மாட்டிச் சுப்பர் குளூவை ஊற்றுகிறார்கள். வார்க்கும் அச்சிலிருந்து ரயரைக் கழற்றுவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் வழுவழுப்பு அந்த ரப்பரில் இன்னும் இருக்கும். குளூ அதன் மேல்தான் காயுமே தவிர ரப்பரைப் பிடிக்காது. பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து, ரயரின் உள்விளிம்பையும் றிம்மின் பள்ளத்தையும் நன்றாகத் துடையுங்கள். வெள்ளி மினுக்கம் பூசிய றிம் என்றால், குளூ படும் இடத்தில் அந்தப் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குளூ பூச்சைப் பிடிக்கும், பூச்சு றிம்மை விட்டு உரிந்து வரும்.

நான் செய்யும் முறை இது. பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, ரயருக்கு மேலே சுற்றிப் போடுவேன். அது விளிம்பை றிம் பள்ளத்துக்குள் அமத்திப் பிடிக்கும். தண்ணீர் போல ஓடும் குளூவாகப் பார்த்து எடுத்து, விளிம்பை நகத்தால் இலேசாக விலக்கி ஒரு துளி விடுவேன். துளி தானாகவே விளிம்பைச் சுற்றி ஓடும். எதிரெதிராக நாலு இடத்தில் விட்டு, அது பிடித்த பிறகு இடைவெளிகளை நிரப்பி, ஒரு பக்கம் காய்ந்த பின்தான் மறு பக்கம். ஒரு இரவு விட்டு, விடிய எழும்பிப் பெருவிரலால் சுற்றிவர அழுத்திப் பார்ப்பேன். எங்காவது விளிம்பு வாய் திறந்தால் இன்னொரு துளி. தாராளமாக ஊற்றினால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். வழிந்த குளூ ரயரின் பக்கச் சுவரில் கல்லாகக் காயும், ரப்பர் மடியும்போது சரியாக அந்த இடத்தில்தான் வெடிக்கும். விறாந்தையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி இருந்து ஒட்டுங்கள். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும்.

ஒட்டுப் பிரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு முழு அக்சிலேற்றர் கொடுத்துச் சத்தம் கேட்பது பெடியளுக்குப் பெரிய ஆசை. சுற்றும் ரயரை வெளியே இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. ஒரு சில்லு நிலத்தில் பிடிபட்டு, அதன் சோடி அந்தரத்தில் நின்றால், இரண்டு சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சியல் அந்தரத்துச் சில்லை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ரயர் பலூன் மாதிரி ஊதி, விளிம்பு றிம்மை விட்டுக் கழரும். வரம்பில் சிக்கிய காரை அக்சிலேற்றரால் மீட்கப் பார்ப்பதும் இதே கதைதான். நடந்து போய்க் கையால் தூக்கி விடுங்கள்.

மாரி தொடங்கினால் வேறு பிரச்சினை. றிம்மில் இருக்கும் காற்றுத் துளையால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். ரயருக்குள் இருக்கும் ஸ்பொஞ்ச் அதைக் குடித்துப் பாரமாகும், காய நாள் எடுக்கும், சில்லு சுற்றும்போது உதறும். றிம் துளையை ரேப் ஒட்டி மூடிவிட்டு, ரயரின் நிலம்படும் பக்கத்தில், பொத்தான் மாதிரிப் புடைத்து நிற்கும் ரப்பர் முனைகளுக்கு இடையே எதிரெதிராக இரண்டு சின்னத் துளை போடுங்கள். ஓடும்போது தண்ணீர் தானே வெளியே வீசப்படும்.

அலுமினியச் சில்லு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். என் கருத்து, வேண்டாம். அது உடையாது என்பது உண்மைதான். ஆனால் நைலோன் வளைந்து வாங்கிக்கொள்ளும் அடி அப்போது பெயரிங்குக்கும் அச்சுக்கும் சில்லைக் காரோடு இணைக்கும் கைக்கும் போகும். நைலோன் றிம்மே நல்லது. புதிதாக வந்த வெறும் றிம்மைக் கால் மணி நேரம் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டால் இன்னும் நல்லது. நைலோன் தண்ணீரைக் குடித்தால் நொறுங்கும் குணம் குறையும். மினுக்கம் பூசிய றிம் பெரும்பாலும் வேறு பிளாஸ்ரிக், அதை அவிக்காதீர்கள், கோணிப்போகும்.

பொத்தான் வைத்த மெல்லிய ரப்பர் ரயரோடு தார் வீதியில் ஓடினால் சில நாளில் மொட்டையாகும். வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் இடத்தில், சில்லின் மேல் பாரம் இருக்கும்படி காரை விடாதீர்கள். அடியில் ஒரு கட்டை வைத்து உயர்த்தி விட்டால் ஸ்பொஞ்ச் ஒரு பக்கம் தட்டையாகாது.

கடைசியாக, நட் கழன்று பறந்த சில்லு பற்றைக்குள் உருண்டு போவதுண்டு. அந்தப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ, கட்டிய நாடாவோ கண்ணில் பட்டால் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள். சில்லை அங்கேயே விட்டுவிட்டு என்னிடம் வாருங்கள், என் பெட்டியில் பழைய சில்லு ஒன்றாவது இருக்கும்.