மூன்றாவது சோடியம் தண்ணீராக இருக்கலாம்

சுங்கை சிப்புட்டில் விடுமுறை விட்டால், வெளியூரில் வேதியியல் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன மாதம் வந்த தம்பி, சோடியத்தை வைத்து ஓர் உலோக-கரிமச் சட்டகம் (உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்துக் கட்டிய, துளையுள்ள படிகம்) வளர்த்து, எக்ஸ்-கதிரால் அதன் அமைப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். "சார், எல்லாம் சரியா வந்துருக்கு, மின்சுமைதான் உதைக்குது" என்றான்.

உதைக்கத்தான் செய்யும். கரிமப் பகுதிக்கு இரண்டு எதிர்ச்சுமை. அவன் வைத்திருந்ததோ ஆளுக்கொரு நேர்ச்சுமை உள்ள மூன்று சோடியம். எக்ஸ்-கதிருக்கு எலெக்ட்ரான்தான் தெரியும், பெயர் தெரியாது. சோடியம் அயனிக்கும் 10 எலெக்ட்ரான், தண்ணீர் மூலக்கூறுக்கும் 10. எக்ஸ்-கதிர் தரும் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே புள்ளி. அதனால் தூரத்தை அளக்க வேண்டும். சோடியத்திலிருந்து ஆக்சிஜன் சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நிற்கும். ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கும் தண்ணீர், பக்கத்து ஆக்சிஜனிலிருந்து சுமார் 2.8. மூன்றாவது 'சோடியத்தை' அளந்தோம்: 2.79, 2.83. தண்ணீரேதான்.

பொட்டாசியத்திடம் இந்த வித்தை பலிக்காது, அதன் ஆக்சிஜன் தூரமே 2.8 பக்கம். ஆனால் 18 எலெக்ட்ரான் இருப்பதால் புள்ளி தடித்துத் தெரியும். லித்தியம் இதற்கு நேர்மாறு. இரண்டே எலெக்ட்ரான், தேடித்தான் பிடிக்க வேண்டும். நாலு ஆக்சிஜன் நான்முகி வடிவில் சூழ்ந்து நின்றால் நடுவில் பாருங்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, துத்தநாகம், செம்பு பழக்கத்தில் 'இத்தனை கைதான், இந்தக் கோணம்தான்' என்று எதிர்பார்ப்பது. சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களின் பிணைப்பு பெரும்பாலும் அயனிப் பிணைப்பு, அதற்குத் திசை கிடையாது. 2010-இல் வேதியியலாளர் பிரேசர் ஸ்டாடர்ட்டின் குழு, எட்டு குளுக்கோஸ் கோத்த காமா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையத்தோடு பொட்டாசியத்தைச் சேர்த்துக் கட்டிய சட்டகத்தில், ஒவ்வொரு பொட்டாசியத்தையும் எட்டு ஆக்சிஜன் சூழ்ந்திருக்கிறது. செம்பனைக் குலைச் சாம்பலில் இருக்கும் அதே பொட்டாசியம்தான்! எட்டைக் கண்டதும் பிழை என்று நாலை வெட்டிவிடாதீர்கள்.

துளைக்குள் கலங்கிக் கிடக்கும் கரைப்பானை மென்பொருளால் கணக்கிலிருந்து துடைத்தெடுக்கும் அவசரமும் வேண்டாம். இடம் நிலைக்காத அயனி அங்கே இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு இன்னொன்று: படிகத்தைக் கண்ணாடித் தகட்டில் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். துளைக்குள் இருக்கும் மெத்தனால் போன்ற கரைப்பான் வெளியேறும், ஈரம் ஏறும், திரும்பி வரும்போது படிகம் விரிசல் விட்டிருக்கும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் சட்டகமோ தண்ணீரில் கரைந்தே போகும். கரைசலிலிருந்து எடுத்த கையோடு ஒரு துளி கெட்டி எண்ணெயில் மூழ்கடித்துவிடுங்கள்.