தங்குமிடத்துக்கு அரசு மானியம் கேட்கும்போது செய்யக் கூடாதவை

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் வீடில்லாத பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி தங்கள் கருத்துருவைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். கூட்டல் பிழை, விட்டுப்போன கையெழுத்து எல்லாம் அவர்களே சரிசெய்துகொள்வார்கள். நான் தலையில் அடித்துக்கொண்ட தவறுகள் வேறு.

‘15 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர்கள்’

முதல் பக்கத்தில் இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நானும் அப்படித்தான் எழுதினேன். பேருந்து நிலையத்தில் 16 வயதுப் பையனும் 22 வயதுப் பையனும் ஒரே தினத்தாளை விரித்துத்தான் படுத்திருக்கிறார்கள். அரசுப் பணத்துக்கு மட்டும் 18 என்று ஒரு கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே இளைஞர் நீதிச் சட்டம் 2015, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மேலே, தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த வீடற்றோர் காப்பகம், அதை நடத்தும் நகராட்சி அல்லது மாநகராட்சி. என் கோப்பு இந்த இரண்டு மேசைகளுக்கும் நடுவில் 11 மாதம் அலைந்தது. அதுவரை பழைய நெல் கிடங்கு ஒன்றுக்கு வாடகை கட்டினேன், மனைவியின் வளையலை அடகு வைத்து.

இதைவிட மோசமானது அப்புறம் நடந்தது. ஐப்பசி அடைமழையில் 17 வயதுப் பையன் ஒருவன் நனைந்துகொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை இரவு. திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்களோடு படுக்க வைத்தேன். ஆதரவின்றி வரும் சிறாரை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்; விடுமுறை என்பது காரணமாகாது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு அழைப்பு போட்டிருந்தால் போதும். வாங்கிய திட்டு நியாயமானதுதான்.

ஆகவே இரண்டு கருத்துரு, இரண்டு இடம். குழந்தைகளுக்கான இல்லமென்றால் தனிப் பதிவும் வேண்டும்.

எல்லாருக்கும் 4,000 ரூபாய்

பின்பராமரிப்பு உதவித்தொகை மாதம் 4,000. இருபது பேருக்கும் அதைப் பெருக்கி வரவில் போட்டுவிடுகிறார்கள். அது குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 முடிந்து வெளியேறுபவர்களுக்கு. 21 வயது வரை, விதிவிலக்காக 23 வரை நீளலாம். ரயிலடியிலிருந்து 19 வயதில் நேரே உங்களிடம் வருபவனுக்கு இதில் பங்கில்லை. தகுதியுள்ளவனுக்கும், அவன் வெளியேற இரண்டு மாதம் இருக்கும்போதே குழந்தைகள் நலக் குழுவிடம் அவனுக்கான பின்பராமரிப்புத் திட்டம் போய்ச் சேர வேண்டும். பிறந்தநாள் கேக் வெட்டிய பிறகு விண்ணப்பத்தைத் தேடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாடகை மலிவென்று வயல் நடுவே

ஒரு நண்பர் ஊருக்கு வெளியே, குறுவை வயலைப் பார்த்த மாதிரி அழகான கட்டடம் பிடித்தார். காற்று பிரமாதம். ஓட்டலில் பாத்திரம் கழுவும் பையன்கள் இரவு 11 மணிக்குத்தான் வேலை முடிந்து கை கழுவுகிறார்கள். கடைசிப் பேருந்து 9:30-க்கே போய்விடும். படுக்கைகள் காலி. நிலையம், சந்தை, கோயில் பக்கமாகப் பாருங்கள். வீடற்றோர் கூடும் இடத்துக்கு அருகில் என்றுதான் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலும் சொன்னது. ஆளுக்கு 50 சதுர அடி கணக்கு, அதையும் அளந்துகொள்ளுங்கள்.

மானியத்துக்கு வரும் வங்கி வட்டி

தொடாதீர்கள். அரசுக்குத் திருப்ப வேண்டியது.

பணம் வரும் காலம்

எங்களுக்குத் தங்க வருபவர்கள் கூட்டம் ஐப்பசியில், பணம் பங்குனியில். ஆறு மாத வாடகை கையில் இருந்தால் திறவுங்கள். அடகுக்கடைக்காரர் என்னை இன்றும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.