முதியோருக்கு மயக்கம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளைக்கு அருகே, எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வரும் ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகளாக மயக்க மருத்துவராகப் பணியாற்றுகிறேன். இடுப்பெலும்பு முறிந்து வந்த முதியவரின் மகனிடம், "முதுகில்தான் ஊசி போடுகிறோம், நினைவுக்கு ஒரு குறையும் வராது" என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் போன வாரம் உறுதி கூறினார். அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருப்பதால் இதை எழுதுகிறேன். மருந்தளவையும் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நேரத்தையும் பாடநூலே சொல்லிவிடும்.

முதுகில் ஊசி போட்டால் மூளை தப்பிவிடும் என்று நம்புவது

முழு மயக்கத்தில் நினைவு அடங்கிவிடுவதால், பின்னால் வரும் மறதிக்கும் அதுவே காரணம் என்று எண்ணத் தோன்றும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்ட 1,600 பேரைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான ஆய்வில், டெலிரியம் எனும் மனக்குழப்பம் முதுகில் ஊசி போட்டுத் தரும் தண்டுவட மயக்கம் பெற்றவர்களில் 20.5 சதவீதத்தினருக்கும், முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதத்தினருக்கும் வந்தது. சீனாவில் 950 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், உடல் பகுதியை மட்டும் மரக்கச் செய்து தூக்க மருந்தே தராதபோதும் 6.2 சதவீதம், முழு மயக்கத்தில் 5.1. காயத்தால் உடலெங்கும் எழும் அழற்சி, வலி, தூக்கமின்மை ஆகியவை இரு முறைக்கும் பொது என்பதை மறந்துவிடுகிறோம்.

தண்டுவட ஊசியைத் தேர்ந்தெடுப்பது தவறில்லை. தேர்ந்தெடுத்துவிட்ட நிம்மதியில், நோயாளி அசைகிறார் என்று தூக்க மருந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் தவறு.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பாறசாலையிலிருந்து எழுபத்தாறு வயது அம்மச்சி ஒருவர் வந்தார். ஊசி நன்றாகவே பிடித்தது. ஆனாலும் அவர் முனகிக்கொண்டே இருந்ததால் மிடசோலம் ஒரு மில்லிகிராம், சற்று நேரத்தில் இன்னொன்று, அதன்மேல் புரோமெதசின் என்று கொடுத்தேன். அன்றிரவு கட்டில் கம்பியைப் பற்றியபடி "ஒழிக்கணம், ஒழிக்கணம்" என்று விடாமல் சொன்னார். எதையோ அழிக்க வேண்டும் என்று பிதற்றுவதாக நினைத்து மறுபடியும் மிடசோலம் போட்டேன். விடிகாலையில் பணிக்கு வந்த செவிலியர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், அம்மச்சிக்கு மூத்திரம் போகணும். அதைத்தான் ராத்திரி முழுக்கக் கேட்டிருக்காங்க" என்றார். மலையாளத்தில் சிறுநீர் கழிப்பதை "மூத்ரம் ஒழிக்குக" என்பார்கள். குழாய் போட்டதும் 900 மில்லி வடிந்தது.

தண்டுவட ஊசி சிறுநீர்ப்பையின் நரம்புகளை மரக்கச் செய்கிறது. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் புரோமெதசின் தடுப்பதால் பை சுருங்குவது இன்னும் தளர்கிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் அதே அசிடைல்கோலின் வேண்டியிருப்பதால் முதிய மூளையும் கலங்குகிறது. அவருக்குக் குழப்பம் ஆறு நாள் நீடித்தது. வீட்டின் ரப்பர் ஷீட் கணக்கை அவரே எழுதிவந்தார் என்பது, மூன்று மாதம் கழித்து மகன் நோட்டைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. தேதியும் எடையும் அவர் கையெழுத்தில் இருந்தன. எடையை விலையால் பெருக்கி எழுத வேண்டிய இடம் வரிசையாகக் காலியாக இருந்தது.

இன்றும் "லேசாக ஒரு செடேஷன்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அசைவதற்குக் காரணம் குளிரா, தோளில் அழுத்தமா, பயமா என்று முதலில் தேடுங்கள். தலைமாட்டில் அவர் மொழி தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். அதற்கும் அடங்காதவருக்கு, மூச்சுப் பாதையைக் காத்து, ரத்த அழுத்தத்தைத் தாழவிடாமல் கொடுக்கும் முழு மயக்கம், அளவு தெரியாத அரை மயக்கத்தைவிட நல்லது.

முன்பு எப்படி இருந்தார் என்று பதியாமல் விடுவது

அம்மச்சியின் ஏட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. ஆகவே எவ்வளவு இழந்தார் என்று என்னால் அளக்கவே முடியவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களை அறுவைக்கு முன்னும் பின்னும் சோதித்ததால்தான், ஒரு வாரத்தில் 25.8 சதவீதத்தினருக்கும் மூன்று மாதத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் அறிவாற்றல் குறைந்திருந்ததை 1998இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்ட முடிந்தது. மூன்று சொற்களை நினைவில் வைக்கச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

மூளை அலை மானிட்டர் காத்துக்கொள்ளும் என்று விடுவது

2019இல் வெளியான, 1,232 பேரைக் கொண்ட ஆய்வில் அதைப் பார்த்து மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் 26 சதவீதம், பார்க்காமல் கொடுக்கப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது.

வலிக்குப் பெத்தடின்

முதியோருக்கு வேண்டாம்.

கண்ணாடி, காதுக்கருவி

கண் விழிக்கும் இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

அமைதியாகக் கிடப்பவரைத் தேறியவராக எண்ணுவது

கத்துபவரை எல்லோரும் கவனிக்கிறோம். டெலிரியம் வந்த முதியவர்களில் பலரோ சுவரைப் பார்த்தபடி சத்தமின்றிக் கிடப்பார்கள். "நலம்" என்று ஏட்டில் எழுதுவதற்கு முன், வாரத்தின் நாட்களைத் தலைகீழாகச் சொல்லும்படி அவரிடம் கேளுங்கள். வீட்டில் அவர் மலையாளம் பேசுபவர் என்றால் மலையாளத்திலேயே கேளுங்கள்.