சங்க மாநாட்டுக்குப் பேச்சாளர் ஏற்பாடு: வேலூர்ப் பக்கத்துப் புதிய நிர்வாகிகளுக்கு ஒரு செய்முறை

லயன்ஸ், ரோட்டரி இரண்டுக்குமே சங்க ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதற்குள் மாநாட்டை நடத்தியாக வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால், வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில்தான் மண்டபம் கிடைக்கும். அந்த வெயிலில் குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களுக்கு உருப்படியான ஒரு பேச்சாவது கிடைக்க வேண்டும். நிகழ்ச்சிக் குழுவில் முதன்முறையாக உங்கள் பெயர் வந்திருந்தால், கீழே சொல்லும் வரிசையில் வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: அரங்கில் உட்காரப் போவது யார்?

பேச்சாளர் பெயரை யோசிக்கும் முன் பதிவுப் பட்டியலை எடுத்து, யார் என்ன தொழில் என்று குறியுங்கள். நம் பக்கத்தில் தோல் ஏற்றுமதி செய்பவர், மருந்துக்கடைக்காரர், டாக்டர், வக்கீல், ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நகைக்கடைக்காரர், ஆசிரியர் எல்லோரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். அவர்களில் நாலைந்து பேரிடம் போனில் கேளுங்கள்: “இப்போ உங்க தொழில்ல தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் எது சார்?” வருகிற பதில்களில்தான் மாநாட்டின் தலைப்பு இருக்கிறது.

படி 2: தொழில்துறைப் பேச்சாளரை முதலில் முடிவு செய்யுங்கள்

தன்னம்பிக்கைப் பேச்சாளரைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். என் கருத்து நேர் எதிர். மாநாட்டுக்குக் கனம் தருபவர் தொழில் தெரிந்தவர். அவர் பேச்சு முடிவானால் மற்றவர் என்ன பேச வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும்.

தோல் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது ஆர்டர்களைப் பற்றிய கவலை ஆம்பூர், ராணிப்பேட்டை வரை வந்தது. அதைச் சமாளித்த ஒரு ஷூ ஏற்றுமதியாளர் தன் கணக்கைத் திறந்து பேசினால், மருந்துக்கடைக்காரர்கூட நிமிர்ந்து உட்காருவார். ஆனால் இந்த மாவட்டத்தில் தோலைப் பற்றிப் பேசுகிறவரிடம் பாலாற்றைப் பற்றிய கேள்வி வந்தே தீரும். தோல் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலந்தது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை உறுதி செய்தது. வழக்குப் போட்டதே வேலூர்க் குடிமக்கள் நல மன்றம்தான். அதனால் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “சார், பாலாறு பத்திக் கேப்பாங்க. மழுப்பாம பதில் சொல்லணும்.” இதற்கு ஒப்புக்கொள்கிறவர்தான் நமக்கு வேண்டியவர்.

படி 3: தன்னம்பிக்கைப் பேச்சாளரை எடைபோடுவது

ரீல்ஸ் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முழுப் பேச்சு ஒன்றைக் கடைசி வரை கேளுங்கள். இருபதாவது நிமிடத்திலும் புதிதாக ஏதாவது சொல்கிறாரா, இல்லை கைதட்டலை மட்டும் கேட்டு வாங்குகிறாரா என்று பாருங்கள். அவரை முன்பு அழைத்த சங்கத்தாரிடம் விசாரியுங்கள். மேடையில் பொருள் விற்கக் கூடாது, ஆள் சேர்க்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்சி அரசியலையும் மதப் பிரிவினையையும் விவாதிப்பதில்லை என்பது லயன்ஸ் நோக்கங்களிலேயே இருக்கிறது. அதையும் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

படி 4: அரை மணி நேரப் போன்

பலர் விட்டுவிடுகிற படி இது. அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மாநாட்டுக்குப் பத்து நாள் முன்பாவது பேச்சாளரோடு போனில் அரை மணி நேரம் பேசுங்கள். வருபவர்களின் வயது, தொழில், போன வருடம் யார் பேசினார்கள், எந்தக் கதை எல்லோரும் கேட்டுச் சலித்தது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். வீட்டில் உருதும் தெலுங்கும் பேசுகிறவர்கள் கூட்டத்தில் நிறைய இருப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். அடுக்குமொழியைக் குறைத்து எளிய தமிழில் பேசுவார்.

கட்டணம், அது எப்போது கிடைக்கும், பேச்சைப் படம் பிடிக்கலாமா, எத்தனை நிமிடம் ஆகிய நான்கையும் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: பயணம்

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவருக்குக் காட்பாடி ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுங்கள். ‘வேலூர் கன்டோன்மென்ட்’ வேறு நிலையம், வேறு பாதை. காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் வர, நெரிசல் நேரத்தில் கூடுதல் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். அழைத்து வர உறுப்பினர் ஒருவரே போகட்டும்.

படி 6: நிகழ்ச்சி நிரல்

பேச்சாளரின் நேரத்தைத் தின்பது பொன்னாடைதான். மேடையில் 12 பேர், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 24 நிமிடம் போயிற்று. மரியாதையைக் குறைக்க வேண்டாம். சிறப்பிப்பதைத் தனி அமர்வாகத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். பேச்சு தொடங்கும்போது மேடையில் இருப்பவர்கள் இறங்கி முன்வரிசையில் உட்காரட்டும். பேசுகிறவருக்குப் பின்னால் ஒருவர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் கூட்டத்தின் கண் அங்கேதான் போகும்.

தொழில்துறைப் பேச்சைக் காலை 11 மணிக்கு வையுங்கள். மதியம் பிரியாணிக்குப் பிறகு 2.30-க்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர், 40 நிமிடம் போதும். காலையில் வரி, கடன், கழிவுநீர் என்று கேட்டவர்களுக்கு, அதையே பிடித்துக்கொண்டு மனத்தெம்பு தருகிற பேச்சு அப்போது எடுபடும். அதனால் காலைப் பேச்சை அவரும் உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்யுங்கள்.

படி 7: அறிமுகம்

வாங்கிய விருதுகளையெல்லாம் வாசிக்க வேண்டாம். இப்படிப் போதும்:

“நமது அடுத்த பேச்சாளர் சின்னப் பட்டறையில் தோல் வெட்டும் வேலையில் தொடங்கியவர். இன்று அவரிடம் பலர் வேலை பார்க்கிறார்கள். ஆர்டர் நின்றுபோன மாதங்களில் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பாமல் எப்படி நடத்தினார் என்பதைச் சொல்ல வந்திருக்கிறார். ஐயாவை அன்போடு அழைக்கிறேன்.”

பெயரின் உச்சரிப்பை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: கேள்வி நேரமும் கணக்கும்

மைக்கைக் கூட்டத்தில் சுற்ற விட்டால் கேள்விக்குப் பதிலாகச் சொற்பொழிவுதான் வரும். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துத் தொகுப்பாளர் வாசிக்கட்டும். பெண்களும் இளைஞர்களும் எழுதிய சீட்டுகளை முதலில் எடுங்கள். கையைத் தூக்கத் தயங்குகிறவர்களின் கேள்விதான் பல நேரம் கூர்மையானது. நேரம் போதாமல் மீந்த சீட்டுகளைப் பேச்சாளரிடம் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் குரல் பதிவாகப் பதில் வாங்கிச் சங்கக் குழுவில் போடுங்கள். கட்டணத்தை அவர் வண்டி ஏறும் முன் கொடுத்துவிடுங்கள். பொருளாளர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று விருந்தினரைக் காக்க வைக்காதீர்கள்.