விசா கட்டத்தை டிக் செய்வதற்கு முன்

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது டாக்டர்கள் மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சிக்கு, ஈராஸ் என்ற ஆன்லைன் முறையில் விண்ணப்பிக்கும் படிவத்தில், விசா வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த விசா என்று ஒரு கேள்வி வரும். 2022 செப்டம்பரில் அதை அரை நிமிடத்தில் முடித்தேன்: ஹெச்-1பி என்ற வேலை விசா மட்டும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான ஸ்டெப் 2 பரீட்சைக்கு எட்டு மாதம் படித்தவள், இதற்கு எட்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 120 இடங்களுக்கு அனுப்பியதில் இரண்டு இன்டர்வியூதான் வந்தது. மார்ச்சில் மேட்ச் ஆகவில்லை, அதாவது விண்ணப்பதாரர்களையும் மருத்துவமனைகளையும் ஜோடி சேர்க்கும் ஒதுக்கீட்டில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மதிப்பெண்தான் காலை வாரிவிட்டது என்று முதலில் அழுதேன். அப்புறம்தான் புரிந்தது, பல இடங்களில் என் ஃபைலை யாரும் திறந்தே இருக்க மாட்டார்கள். விசா வகையை வைத்தே புரோகிராம்கள், அதாவது பயிற்சி தரும் மருத்துவமனைகள், விண்ணப்பங்களை வடிகட்டிவிட முடியும்.

2025 மேட்ச்சில் வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் 67.8 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. குடியுரிமை இல்லாதவர்களில் 58 சதவீதம். க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களும் அந்த 58-க்குள்தான் வருகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

க்ரீன் கார்டு இருந்தால் சிவியில் மேலேயே தெரியும்படி போடுங்கள். ஹெச்-1பியில் இருக்கும் கணவரின் ஐ-140 (க்ரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) ஒப்புதலாகி, ஹெச்-4 இஏடி (மனைவிக்கான வேலை அனுமதி அட்டை) கையில் இருந்தாலும் விசா கேட்காமல் வேலைக்குச் சேரலாம். ஆனால் அட்டை நடுவில் காலாவதியாகி, புதுப்பிப்பது தாமதமானால் வார்டில் ஆள் இல்லாமல் போகுமே என்று சில புரோகிராம்கள் தயங்கும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி விசா) அல்லது ஹெச்-1பி. ஹெச்-1பிக்கு புரோகிராம்தான் மனுப் போட்டுச் செலவழிக்க வேண்டும், அதற்குமுன் நீங்கள் ஸ்டெப் 3 பாஸ் செய்திருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி அமைப்பின் சான்றிதழ் வந்த பிறகுதான் ஸ்டெப் 3 எழுத முடியும், அதுவும் அமெரிக்காவுக்குள்தான். ஊரிலிருந்து விண்ணப்பிப்பவர் அந்த இரண்டு நாள் பரீட்சைக்காகவே ஒருமுறை பறக்க வேண்டும். போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 21 முதல், நாட்டுக்கு வெளியே இருப்பவருக்குப் புதிதாக ஹெச்-1பி கேட்டால் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். நான் விண்ணப்பித்தபோது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஸ்டெப் 3-யும் இல்லை. அது இல்லாமல் ஹெச்-1பி மட்டும் என்று டிக் செய்தவளை என்னவென்று சொல்வது!

ஜே-1க்கு இ.சி.எஃப்.எம்.ஜியே ஸ்பான்சர் செய்கிறது. புரோகிராமுக்குத் தலைவலி குறைவு, அதனால் கதவுகள் அதிகம். ஆனால் ரெசிடென்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விலக்கு வாங்க வேண்டும். அதுவரை ஹெச்-1பிக்கும் மாற முடியாது, க்ரீன் கார்டும் வாங்க முடியாது.

எங்கள் வீட்டில் சண்டையே இதில்தான். கணவர் ஹெச்-1பியில் க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். "நீ ஜே-1 எடுத்தால், என் நம்பர் வந்தாலும் உனக்குக் கிடைக்காதே" என்றார். உண்மைதான். ஆனால் அவர், ஜே-1க்காரரின் துணைக்கான ஜே-2வுக்கு மாறாமல் தன் ஹெச்-1பியிலேயே இருந்தால் அந்த இரண்டு வருட விதி அவரைத் தொடாது. எனக்கு விலக்கு கிடைக்க கான்ராட் 30 இருக்கிறது: ஒவ்வொரு மாநிலமும் வருடத்துக்கு 30 மருத்துவர்களுக்குப் பரிந்துரைக்கலாம்; பெரும்பாலும் டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர்களில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டோம். ரெசிடென்சி மூன்று, விலக்கு வேலை மூன்று. இந்தியர்களுக்கான க்ரீன் கார்டு வரிசை அந்த ஆறு வருடத்தில் எங்கே நகரப்போகிறது என்று அவரே சிரித்துவிட்டார்.

மேற்கொண்டு ஃபெல்லோஷிப் (சிறப்புத் துறைப் பயிற்சி) ஆசை இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். ஹெச்-1பி பொதுவாக ஆறு வருடம்தான். இன்டர்னல் மெடிசின் மூன்று, கார்டியாலஜி மூன்று என்றால் அங்கேயே தீர்ந்துவிடும். ஜே-1 ஏழு வருடம் வரை போகும்.

இரண்டாம் முறை ஜூலையிலேயே எக்செல் ஷீட்டோடு உட்கார்ந்தேன். புரோகிராம்களைப் பட்டியலிடும் ஃப்ரீடா தளத்தில் போட்டிருப்பது ஒரு நெடுவரிசை, புரோகிராமின் சொந்தத் தளத்தில் இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களுக்கு, கோஆர்டினேட்டருக்கு ஒரே வரியில் மின்னஞ்சல்: "இந்த ஆண்டு ஜே-1 ஸ்பான்சர் செய்கிறீர்களா?" கதையெல்லாம் எழுதாதீர்கள், பதிலே வராது. "விசா கிடையாது" என்று வந்த பதில்களைச் சிவப்பில் போட்டேன். முதல் வருடம் நான் பணம் கட்டி அனுப்பியவற்றில் 41 இடங்கள் அந்தச் சிவப்பில் இருந்தன. 30 இடங்களைத் தாண்டினால் ஈராஸில் ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும் என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இம்முறை ஜே-1 டிக் செய்தேன். 70 விண்ணப்பம், ஒன்பது இன்டர்வியூ. ஒஹையோவில் ஒரு சின்ன மருத்துவமனையில் இன்டர்னல் மெடிசின் கிடைத்தது.

மேட்ச் ஆனதும் தூங்கிவிடாதீர்கள். மார்ச் மூன்றாம் வாரத்துக்கும் ஜூலை 1-க்கும் நடுவில் இருப்பது மூன்று மாதம்தான். டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட்' வாங்க வேண்டும். நம்மை ஆட்டிவைக்கும் அந்த நீட் இல்லை இது. இந்தத் துறையில் இந்தியாவுக்கு டாக்டர்கள் தேவை, படித்து முடித்துத் திரும்புவதாக இவர் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று அரசு தரும் கடிதம். அது இல்லாமல் ஜே-1 விசாவுக்கான டிஎஸ்-2019 படிவத்தை இ.சி.எஃப்.எம்.ஜி தராது. டிஎஸ்-2019 இல்லாமல் விசா இல்லை. ஆஃபர் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

மே மாத வெயிலில் சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரக வரிசையில் நின்றேன். கையில் இரண்டு கிலோ ஃபைல். உள்ளே இருந்தவர் டிஎஸ்-2019-ஐ மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒஹையோவில் குளிர் தாங்குவீர்களா என்று கேட்டார்.